நாலு மணித் தண்ணீர்

சல்லடையைத் தொட்டியிலிருந்து தூக்கியதும் அவள் உடனே அதைப் பார்த்துவிட மாட்டாள். முதலில் வலது கையை முழங்கைவரை கடல் தண்ணீரில் அலசுவாள். குழாய்த் தண்ணீர் குஞ்சுகளுக்கு ஆகாது. பிறகு வலையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் பழுப்பு மாவில் ஒரு சிட்டிகை எடுப்பாள். அதை வலது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். அழுத்தமெல்லாம் கிடையாது. துணிக்கடையில் மல்லுத்துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வளவுதான். மனசுக்குள் ஐந்து எண்ணும் நேரம். அதற்குள் அறையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். காற்றுக் குழாய்களில் குமிழி உடையும் சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். கண்ணைத் திறந்து மூன்று சொல்லில் ஒன்றைச் சொல்வாள். "இருக்கு." "பாப்போம்." "போச்சு."

நாலாவதாக ஒரு சொல் அவளிடம் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

அது சிப்பிக் குஞ்சு பொரிக்கும் பண்ணை. கடலை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே ஒன்பது தொட்டிகள். வளர்ந்த சிப்பிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் முட்டை விடும். முட்டை குஞ்சாகி, கண்ணுக்குத் தெரியாமல் நீந்தி, இரண்டு நாளில் முதல் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அப்புறம் சில வாரம் தின்று வளர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நகம் அளவுக்கு வந்ததும், விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டைக்குள் பத்து லட்சம் குஞ்சு அடங்கும். ஒரு தடவை முட்டை விட்டு எடுக்கும் கூட்டத்தை அங்கே ஓர் ஈடு என்பார்கள். அந்த ஈடு பிழைத்ததா இல்லையா என்பதைச் சல்லடையில் வடித்துச் சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அதனால் பேரே சல்லடையக்கா ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டார்களே தவிர, கூப்பிட்டவுடன் அவள் திரும்பிவிடுவாள் என்று சொல்ல முடியாது. ஒரு தரம் கூப்பிட்டால் திரும்புவாள், இன்னொரு தரம் நாலு தரம் கூப்பிட்டாலும் கல்லுப்பிள்ளையார்தான். எதிரில் நின்று பேசினால் முகத்தைச் சற்றுத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே முடிவுகட்டிவிடுவார்கள்: திமிர். அவளும் அதை மறுத்ததில்லை. திமிர் என்று பேர் வாங்கினால் பாதிப் பேர் அநாவசியமாக வந்து பேசமாட்டார்கள், அது ஒரு வசதி என்று அவள் எண்ணம்.

அவளிடம் பயமில்லாமல் வாயாடுகிறவள் ஒருத்திதான்: நாத்தனார். கணவனின் தங்கை. பக்கத்து அறையில் குஞ்சுகளுக்கு இரையாகும் பாசியைக் கண்ணாடி ஜாடிகளில் வளர்ப்பவள். பச்சை ஜாடி, பழுப்பு ஜாடி என்று வரிசையாக வைத்து, குழல் விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஜாடிகளோடு பேசிக்கொண்டிருப்பாள். "என் அண்ணனைக் கட்டினதுல உனக்குக் கிடைச்ச ஒரே லாபம் நான்தான் அண்ணி" என்பாள். சல்லடையக்கா மறுக்கமாட்டாள்.

அந்த வருஷம் முதல் ஈடு செத்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சல்லடையில் வந்தது வழவழவென்று வந்தது. நல்ல குஞ்சு விரலில் நெருநெருவென்று, பொடி மணல்போல ஓடும். இது கஞ்சியின் அடியில் தங்கியதுபோல இருந்தது. "போச்சு" என்றாள். தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். கடலில் எல்லாம்தான் சாகும்.

இரண்டாவது ஈடும் செத்தபோது மேலாளர் விழித்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதரில்லை. முன்பு பால் பதப்படுத்தும் ஆலையில் இருந்தவர். பால் கெட்டுப்போனால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: எங்கோ ஒரு அழுக்கு. எந்த நோயானாலும் மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, எது நடந்தாலும் அவர் கையைக் காட்டச் சொல்வார். தொட்டிகளுக்குக் குளோரின் அடித்தார்கள். குழாய்களைக் கழற்றிக் கொதிக்கவைத்தார்கள். கதவுக்குக் கதவு மருந்துத் தண்ணீர் வைத்தார்கள். அதில் முக்கி முக்கி எல்லாருடைய விரலும் ஊறின பழந்துணி மாதிரி ஆயின. கடைசியில் புது வடிகட்டி ஒன்றை வரவழைத்து மாட்டினார்.

வடிகட்டி மாட்டிய வாரம் ஓர் ஈடு பிழைத்தது. அப்படியே நெருநெருவென்று, சல்லடையின் ஓரமெல்லாம் நிறைந்து பிழைத்தது. மேலாளர் வடிகட்டியைத் தட்டிக்கொடுத்தார். மறுநாளே அதற்கு மஞ்சள் துணியில் ஓர் உறை தைத்துக் கொண்டுவரச் சொன்னார். சல்லடையக்காவின் கணவர் தையல்காரர் என்பதால் அந்த வேலை அவர் வீட்டுக்கே போயிற்று.

உறை போட்ட அதே வடிகட்டியோடு அடுத்த ஈடு செத்தது.

இப்போது மேலாளருக்கு மிஞ்சியது ஒன்றுதான். தொட்டி சுத்தம், குழாய் சுத்தம், வடிகட்டி புதுசு. குஞ்சைத் தொடுகிற கை மட்டும் பழசு. ஒரு திங்கட்கிழமை காலையில் அவளைத் தன் அறைக்கு அழைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் திருப்பி வைத்தார். "சல்லடை அறையில் கைச்சுத்தம் போதாததால் மூன்று ஈடுகள் அழிந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்று அதில் இருந்தது. கீழே அவள் பேர், அதற்கு மேலே ஒரு கோடு.

"சும்மா ஒரு கையெழுத்துதாங்கக்கா," என்றார் மேலாளர். "மேல இருந்து கேக்கறாங்க, நான் ஏதாவது காட்டணும். வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இங்க இருந்து ஓடு சுரண்டற எடத்துக்கு மாத்திடுவேன், அவ்வளவுதான்."

அவள் இடது கன்னத்தைக் காட்டியபடி நின்று முழுவதையும் கேட்டாள். தாளை இரண்டு தரம் படித்தாள்.

"தப்பு செஞ்சிருந்தா நானே என் கைப்பட எழுதிக் குடுப்பேன் சார். நீங்க எழுதினதுக்கு நான் எதுக்குப் போடணும்?"

வெள்ளிக்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் கையெழுத்து இல்லையென்றால் அவள் சனிக்கிழமை வரவேண்டியதில்லை.

வீட்டில் கணவர் கால் மிதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு விஷயத்தைக் கேட்டார். முன்னறை முழுக்கத் துணி. நடக்கிற வழி ஓர் ஆள் அகலம். சாப்பிடும்போது எப்போதும் அவளுக்கு இடப்பக்கம்தான் உட்காருவார். வலப்பக்கம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். அவருக்குச் சண்டை பிடிக்காது. ஊசி உடைந்தால்கூட ஊசியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. ஓடு சுரண்டினா என்ன, சல்லடை பிடிச்சா என்ன?"

"உங்ககிட்ட ஒருத்தன் சட்டை தைக்கக் குடுக்கறான். அவன் துணி சாயம் போகுது. 'நான் தச்சதுலதான் சாயம் போச்சு'ன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

கணவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். பிறகு, மாட்டேன் என்றார். அன்று அதற்குமேல் அந்த வீட்டில் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு இல்லை.

ஆனால் கை காரணமில்லை என்றால் எது காரணம்? செத்த மூன்று ஈடும், பிழைத்த ஒன்றும் அதே கையில்தான் வந்தன. பிழைத்த அந்த ஒன்றையே அவள் மறுபடி மறுபடி நினைத்தாள். அன்று வேறு என்ன இருந்தது? செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிக்குள் கையை விட்டபோது மணிக்கட்டு சில்லென்று சுருங்கியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: அந்த ஈட்டுக்குத் தண்ணீர் நிரப்பிய அன்று அப்படிச் சுருங்கவில்லை.

நேராக மோட்டார் அறைக்குப் போனாள். மோட்டார்க்காரர் அதிகம் பேசாத மனிதர். தண்ணீர் ஏற்றிய ஒவ்வொரு தடவையும் சுவரில் சாக்கட்டியால் தேதியும் நேரமும் எழுதிவைப்பார். சுவர் நிறைந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்குவார். நல்லவேளை, இன்னும் துடைக்கவில்லை. எல்லா வரியிலும் காலை ஐந்து, ஐந்தரை, ஐந்து என்று இருந்தது. விடியற்காலைத் தண்ணீர்தான் சுத்தம் என்பது அந்தப் பண்ணையின் வேதவாக்கு. அலை அடங்கியிருக்கும், படகு ஓடாது, கலங்கல் இருக்காது, கண்ணாடிபோல வரும். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து யாரும் வேறு நேரத்தில் தண்ணீர் எடுத்ததில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் சாயங்காலம் நாலு என்று இருந்தது.

"அன்னிக்குக் கரண்டு இல்லக்கா," என்றார் மோட்டார்க்காரர். "வரவே மூணரை ஆச்சு. தண்ணி கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு. சார்கிட்ட சொல்லல. திட்டுவாருன்னு."

வடிகட்டிக்குக் கிடைத்த மஞ்சள் சட்டை உண்மையில் மின்வெட்டுக்குக் கிடைத்திருக்கவேண்டியது.

அவள் மேலாளரிடம் போய் ஒரே ஒரு தொட்டி கேட்டாள். ஒன்பதாம் நம்பர். விளிம்பில் கீறல் விட்டது, சின்னது, யாரும் பயன்படுத்தாதது. அதை மட்டும் நாலு மணிக்கு நிரப்ப அனுமதி. மேலாளர் சிரித்தார். பகல் முழுக்கப் படகும் வெயிலும் கலக்கிய தண்ணீரைக் குஞ்சுக்குக் கொடுப்பதா? இருக்கிற அழுக்கு போதாதா? இதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதவேண்டியதுதான் என்றார். நாத்தனார் கேள்விப்பட்டு, "அண்ணி, அவரு பால்காரரு. தண்ணி கலக்கறதுன்னாலே அவருக்குப் பயம்" என்றாள்.

புதன்கிழமை நடுப்பகலில் புது ஈட்டுக்கு முட்டை எடுத்தார்கள். முதல் மூன்று தொட்டிகளில் விடியற்காலைத் தண்ணீர் கண்ணாடிபோலத் தயாராக இருந்தது. முட்டையை அவற்றில் விட்டார்கள். ஒரு ஜாடி முட்டையை மட்டும் அவள் தன் மேசையில் ஈரத்துணி சுற்றி எடுத்துவைத்தாள். ஒளித்து வைக்கவில்லை. என்ன என்று கேட்டவர்களிடம், நாலு மணிக்கு வந்து பாருங்கள் என்றாள்.

நாலு மணிக்கு மொத்தப் பண்ணையும் வந்துவிட்டது. ஓடு சுரண்டுகிறவர்கள் சுரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார்கள். அவள் ஒன்பதாம் தொட்டிக்கு முன்னால் நின்றாள். மருந்துத் தண்ணீர் வாளியைக் காலால் ஒரு பக்கம் தள்ளினாள். கையுறையைக் கழற்றி விளிம்பில் போட்டாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இந்த அழுக்குக் கையாலதான் விடப்போறேன். அங்க இருக்கறதும் இதே தாய், இதே கை, இதே சல்லடை. தண்ணி மட்டும் வேற. மோட்டாரைப் போடுங்கண்ணே."

மோட்டார்க்காரர் கை விசைவரை போய் நின்றுவிட்டது. ஏனென்றால் வாசலில் மேலாளர் வந்து நின்றிருந்தார். அவள் நின்ற இடத்திலிருந்து வாசல் வலப்பக்கம்.

"யாரைக் கேட்டுப் பண்றீங்க?" என்றார் மேலாளர். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். திரும்பவில்லை. மூன்றாம் முறை அவர் குரல் தகரக் கூரையில் போய் முட்டித் திரும்பி வந்தது. அவள் தொட்டிக்குள் தேங்கியிருந்த பழைய தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கோலம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பவள் மாதிரி. பிறகு நிமிர்ந்து, வாசல் பக்கம் பார்க்காமலே, "போடுங்கண்ணே" என்று மறுபடி சொன்னாள்.

மோட்டார் ஓடியது. லேசாகக் கலங்கிய, வெயில் வாசனை அடிக்கிற தண்ணீர் ஒன்பதாம் தொட்டியில் விழுந்தது. மேலாளர் இரண்டு நிமிஷம் நின்றார். இத்தனை பேருக்கு முன்னால் தானே போய் விசையை அணைப்பதா என்று யோசித்திருக்கலாம். அணைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதை மறுநாள் காலைக்குள் கடற்கரை முழுக்கப் பரவியது. மூணு தரம் கத்தினாராம், சல்லடையக்கா ஏறெடுத்தும் பார்க்கலையாம்.

வெள்ளிக்கிழமை வாராவாரம் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து மைக்ராஸ்கோப்பில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போவாள். எல்லாரும் அவளை மேடம் என்பார்கள். வயது இருபத்தாறு இருக்கும். கிருமி எதுவும் இல்லை, எதனால் சாகிறது என்று தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனவள். அன்று அவளும் இருந்தாள். மேலாளர் சட்டைப்பையில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. பேனாவும்.

சல்லடையக்கா முதல் தொட்டியை வடித்தாள். காதருகே வைத்துத் தேய்த்தாள். "போச்சு." இரண்டாவது. "போச்சு." மூன்றாவது தொட்டிக்குச் சிட்டிகையைக் காதுவரை கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, இருந்தும் கொண்டுபோனாள். "போச்சு." மேலாளர் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார்.

ஒன்பதாம் தொட்டிக்குச் சல்லடையை மாற்றவில்லை. அதே சல்லடையை அலசினாள். வடித்தாள். கையைக் கழுவினாள். சிட்டிகை எடுத்துக் காதருகே வைத்தாள். ஐந்து எண்ணும் நேரம் ஆயிற்று. பத்து ஆயிற்று. நாத்தனார் பாசி அறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓடு சுரண்டுகிற ஒருத்திக்கு இருமல் வந்தது; அடக்கிக்கொண்டாள்.

"இருக்கு."

மேடம் ஒரு சொட்டை எடுத்துப் போய்ப் பார்த்தாள். வெகு நேரம் தலையை நிமிர்த்தவில்லை. எல்லாக் குஞ்சுக்கும் ஓடு மூடியிருக்கிறது, பாதி நிலா மாதிரி வரிசையாக நீந்துகின்றன என்றாள். மற்ற மூன்று தொட்டிக் குஞ்சுகளையும் பார்த்தாள். ஓட்டின் ஓரம் மென்று துப்பியதுபோல இருந்தது. பாதி கட்டி, பாதி கரைந்து.

மேலாளர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. கைதான் காரணம் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த பத்து நாள் மேடம் ஒரு கையடக்க மீட்டரோடு பண்ணையிலேயே இருந்தாள். விடியற்காலைத் தண்ணீரையும் நாலு மணித் தண்ணீரையும் மாற்றி மாற்றி அளந்தாள். அளந்ததைப் பாசி அறையில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கினாள். உலகம் முழுக்க விடுகிற புகையிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொண்டிருக்கிறது. குடிக்கக் குடிக்கத் தண்ணீரின் தன்மை புளிப்புப் பக்கம் நகர்கிறது. நாக்குக்குத் தெரியாது, ஓடு கட்டுகிற உயிருக்குத் தெரியும். அதோடு இரவெல்லாம் கடல் செடிகளும் பாசியும் மூச்சு விடுகின்றன; அதே வாயு. விடியும்போது கரையோரத் தண்ணீர் அன்றைய நாளின் மோசமான தண்ணீர். வெயில் ஏற ஏற, பாசி அந்த வாயுவை இழுத்துக்கொள்கிறது. நாலு மணிக்குத்தான் தண்ணீர் ஓரளவு தேறுகிறது.

குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் வெளி இரை கிடையாது. முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட சத்துதான். அதைச் செலவழித்து ஓடு கட்டவேண்டும். புளிப்புத் தண்ணீரில் கட்டுவது கடினம், கட்டினாலும் நிற்பதில்லை. சத்து தீர்ந்து, பட்டினியில் செத்துப்போகிறது.

"வீட்டைக் கட்டிப் பாருன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் நாத்தனார். "பாவம், கல்யாணத்துக்கே மிச்சம் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சல்லடையக்கா சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிபோல இருக்கிறதே என்று தெளிவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தண்ணீர். அவளும்தான் தேர்ந்தெடுத்தாள்.

பண்ணையில் நாலு மணி என்பது சட்டமாகிவிட்டது. பலத்த காற்று அடிக்கிற மாதத்தில் அடி ஆழத்துத் தண்ணீர் மேலே வந்துவிடும். அது இன்னும் புளிப்பு. அப்போது நாலு மணித் தண்ணீரும் பத்தாது. அந்த நாட்களில் மேடம் சொன்ன அளவில் சலவைச் சோடாவைக் கரைத்து விட்டார்கள். "கடலுக்கு வாயுத் தொல்லை, நாம சோடா குடுக்கறோம்" என்றாள் நாத்தனார். அடுத்த மூன்று ஈடும் பிழைத்தன.

இவ்வளவும் ஆன பிறகுதான் மேலாளர் இரண்டாவது தாளைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை முகமெல்லாம் சிரிப்பு. விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு அனுப்பவேண்டிய கடிதம். குஞ்சுகள் சாவதற்கான காரணத்தைப் பண்ணை கண்டுபிடித்துவிட்டது, குறை முழுமையாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது, இனி கவலை இல்லை. கண்டுபிடித்தவர் என்று போட்டு அவள் பேர். மறுபடியும் ஒரு கோடு.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பாறை வழியாக வீட்டுக்கு நடந்து போயிருந்தாள். அலை வற்றியிருந்தது. பாறை இடுக்கில் ஒட்டியிருக்கிற குட்டி நத்தை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் மினுமினுவென்று இருக்கும் ஓடு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல வெளிறியிருந்தது. கருஞ்சிப்பிக் கொத்து ஒன்றை விரலால் தள்ளினாள். முன்பு கத்தி போட்டு நெம்பினாலும் வராதது, தள்ளியதும் வந்துவிட்டது. காட்டுச் சிப்பி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. இங்கே மோட்டார் இல்லை, நாலு மணி இல்லை, சோடா இல்லை. வருகிற தண்ணீரைக் குடித்துத்தான் ஆகவேண்டும்.

அதனால் தாளைப் படித்துவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இதுலயும் போடமாட்டேன் சார்."

மேலாளருக்கு உண்மையிலேயே வலித்தது. "பழி போட்டாலும் போடமாட்டீங்க, புகழ் குடுத்தாலும் போடமாட்டீங்களா?"

"அதுல பொய் இருந்துச்சு, போடல. இதுலயும் இருக்கு. குறை சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒன்பது தொட்டிய சரி பண்ணியிருக்கோம். கடலை யாரு சரி பண்ணது?"

அப்படியெல்லாம் எழுதினால் யார் நம் குஞ்சை வாங்குவார்கள் என்று மேலாளர் கேட்டார்.

"நம்ம குஞ்சு இங்கிருந்து போயி எங்க இருக்கப்போவுது? அந்தத் தண்ணியிலதானே. அவங்களுக்குச் சொல்லாம விட்டா, நாளைக்கு அவங்க எடத்துல சாகும். அப்ப அவங்க யாரு கையப் பாப்பாங்க? அங்கயும் ஒருத்தி இருப்பா சார், சல்லடை பிடிச்சுக்கிட்டு."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் வழியாக மஞ்சள் உறை போட்ட வடிகட்டி தெரிந்தது. பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, குறை சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற வரியைக் குறுக்கே அடித்தார். என்ன எழுதவேண்டும் என்று அவளையே கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: கடல் தண்ணீர் ஓட்டைக் கரைக்கிற பக்கமாக மாறிக்கொண்டிருக்கிறது. முதல் சில வாரத்துக்கு மட்டும் குஞ்சை எங்களால் காப்பாற்றித் தரமுடிகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நீங்களும் அளந்து பாருங்கள். செத்தால் யார் கையையும் பார்க்காதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

அதன் கீழே அவள் தன் முழுப் பேரையும், அப்பா பேரின் முதலெழுத்தையும் சேர்த்து, கோடு போதாமல் விளிம்புவரை எழுதினாள். பிறகு கையை நீட்டி, பழைய தாளைக் கேட்டாள். மேலாளர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைக் கிழித்துப்போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கொண்டுபோய் மோட்டார் அறைச் சுவரில், சாக்கட்டி எழுத்துக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் ஆணி வைத்து அடித்தாள். கையெழுத்துக் கோடு காலியாக இருக்கும்படி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். கடிதத்தைப் படித்து இரண்டு பேர் குஞ்சு வாங்குவதை நிறுத்தினார்கள். ஐந்து பேர் மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தார்கள். அவள் இன்னும் சல்லடை அறையில்தான் இருக்கிறாள். சில ஈடு பிழைக்கிறது. சில ஈடு போகிறது. நாலாவது சொல் இன்னும் வரவில்லை.

இந்தக் கதையை நான் இவ்வளவு தூரம் எழுதி முடித்த பிறகுதான், ஜாடி கழுவிக்கொண்டே நாத்தனார் என்னிடம் அதைச் சொன்னாள். அண்ணிக்கு வலது காது கேட்காது. எட்டு வயதில் வந்த காய்ச்சலில் போனது. வீட்டில் நாலு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படியானால் சிட்டிகையை எதற்கு அந்தக் காதுக்குக் கொண்டுபோகிறாள்?

"அவளுக்கு எல்லாம் விரல்லதான் தெரியும். அதுக்கு அமைதி வேணும்ல. வாய மூடுங்கன்னு சொன்னா யாரு மூடறா? காதுல வச்சா எல்லாரும் மூடறாங்க."

அன்று நாலு மணிக்கு மேலாளர் வாசலில் நின்று மூன்று தரம் கத்தியதும் அவளுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டதற்கு, நாத்தனார் ஜாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: கேட்கவில்லைதான். ஆனால் தொட்டித் தண்ணீரில் அவர் நிழல் தெரிந்ததாம். அவர் வருவதைப் பார்த்த பிறகுதான், அண்ணி நகர்ந்து கேட்காத அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டி நின்றாளாம்.